வயசுக்குக் கொடுத்த ரோஸ் மருந்து

தம்பிகளே, உங்கள் கம்பவுண்டர் சங்கத்து மலருக்கு என் பணி அனுபவத்தை எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். எனக்கு முன்னால் எழுதிய மூத்த கம்பவுண்டர்கள் எல்லோரும் காலராவை ஒற்றைக் கையால் விரட்டியிருக்கிறார்கள், பிளேக்கை வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அவர்கள் எழுதியதைப் படித்தால் இந்த ஜில்லாவில் டாக்டர் என்று யாருமே இருந்ததில்லை, முப்பது வருஷமாய்க் கம்பவுண்டர்கள்தான் ஜனங்களைக் காப்பாற்றி வந்தார்கள் என்று தோன்றும். அந்த வரிசையில் போய் உட்கார எனக்கும் ஆசைதான். ஆனால் எனக்கு நன்றாக ஞாபகம் இருப்பது ஒரு மனிதரை நான் பைத்தியமாக்கிய கதை. வேண்டாம் என்றால் இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு விளம்பரம் போட்டுக்கொள்ளுங்கள்.

ஐம்பத்தைந்து வயதில் சர்க்கார் என்னை வீட்டுக்கு அனுப்பியது. முதல் நாள் சாயங்காலம் வரை மருந்து கலக்கவும், கட்டுக் கட்டவும், மூட்டை மூட்டையாய் ரிஜிஸ்தர் எழுதவும் தகுதியான ஆள் நான். மறுநாள் காலையில் கிழவன். மூப்பு எப்போது, எங்கிருந்து வருகிறது என்று டாக்டர்கள் தடித்தடியான புத்தகங்களில் தேடிக்கொண்டிருக்கிறார்கள். சர்க்காருக்கு அது தேதியோடு தெரிந்திருக்கிறது. நான் குறை சொல்லவில்லை. நானும் இருபது வருஷம் அதே வேலையைத்தான் செய்தேன்.

நாமக்கல்லுக்குக் கிழக்கே ஒரு சின்ன ஊரில் எங்கள் ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். இரண்டு அறை, ஒரு தாழ்வாரம், ஒரு டாக்டர், நான். தாழ்வாரத்தில் காலை ஏழு மணிக்கே ஜனங்கள் ஆளுக்கொரு சீசாவுடன் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அதில் பாதிப் பேர் வயசானவர்கள். வயசு என்ன என்று கேட்டால் யாரும் எண்ணைச் சொல்வதில்லை. தாது வருஷத்துப் பஞ்சத்தில் நான் எருமை மேய்த்துக்கொண்டிருந்தேன் என்பார் ஒருவர். அந்தப் பஞ்சத்தில் என்னை இடுப்பில் வைத்திருந்தார்கள் என்பார் இன்னொருவர். நான் எல்லோருக்கும் அறுபது என்று எழுதிவிடுவேன். எருமைக்கும் இடுப்புக்கும் நடுவில் பத்து வருஷம் இருக்கிறது என்பதெல்லாம் என் ரிஜிஸ்தருக்குத் தேவைப்படவில்லை.

வயசு மட்டுமல்ல, அவர்கள் வியாதியும் எனக்கு ஒன்றுதான். முழங்கால் வலி என்றாலும், காது மந்தம் என்றாலும், தூக்கமே வருவதில்லை என்றாலும், சும்மா இருக்கும்போதே கண்ணில் தண்ணீர் வருகிறது சாமி என்றாலும், டாக்டரிடம் போகும் முன்பே நான் சொல்லிவிடுவேன், “வயசாச்சுங்க, அப்புடித்தான் இருக்கும்.” அதோடு விட மனம் வராமல் ஒரு மருந்தும் கொடுப்பேன். தண்ணீர், கொஞ்சம் சர்க்கரை, ஓமத் தண்ணீர், ரோஸ் நிறத்துக்கு ஒரு துளி சாயம். அதற்கு எங்கள் ஆஸ்பத்திரியில் ‘வயசு மருந்து’ என்றே பெயர். டாக்டருக்கு இது தெரியும். கூட்டம் குறைகிறதே என்று அவரும் சும்மா இருந்தார். நல்ல மனிதர், தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், அதிகம் பேசமாட்டார்.

ஊருக்கெல்லாம் வயசாகிறது என்று அறிவித்துக்கொண்டிருந்த எனக்கு அப்போது நாற்பத்தைந்து நடந்துகொண்டிருந்தது. மேட்டூர் அணை கட்டி முடித்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். மீசைக்கு மை தடவிக்கொள்வேன். பல் முப்பத்திரண்டும் இருந்தன. ஒரே ஒரு கோளாறு, உலகத்தில் எழுத்துகளையெல்லாம் வரவரச் சின்னதாய் அச்சடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். பஞ்சாங்கத்தைப் பிடித்தால் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். அச்சாபீஸ்காரன் மை திருடுகிறான் என்றேன். வீட்டில் விளக்குக் கண்ணாடியைச் சரியாகத் துடைப்பதில்லை என்று சம்சாரத்தோடு சண்டை போட்டேன். அவள் துடைத்துத் துடைத்து ஒரு கண்ணாடியை உடைத்தே விட்டாள்.

உங்களுக்கெல்லாம் புரிந்திருக்கும், வெள்ளெழுத்து. நாற்பதைத் தாண்டினால் கிட்டப் பார்வை மங்குவது எல்லோருக்கும் வருவதுதான். சேலத்துக்குப் போனால் அரை நாளில் மூக்குக் கண்ணாடி வாங்கிவிடலாம். டாக்டர் ஒரு தடவை ஜாடையாய்ச் சொல்லியும் பார்த்தார். எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. என் கை சீசாவை அறியும், கண் வேண்டியதில்லை என்றேன். அது உண்மையும்கூட. அலமாரியில் எந்த மருந்து எந்தத் தட்டில், எத்தனையாவது இடம் என்று எனக்கு மனப்பாடம். அளக்கிற கிளாஸைக்கூடப் பழக்கத்தில்தான் பிடித்தேன். கடுமையான மருந்துகளை அளக்க ஒரு சின்னக் கிளாஸ் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். அதில் ஒரு பக்கம் சின்னக் கணக்குக் கோடு, மறுபக்கம் பெரிய கணக்குக் கோடு. மயிரிழை மாதிரி மெல்லிய கோடுகள், அவற்றின் பக்கத்தில் கடுகளவு எண்கள். அந்த எண்களை நான் பார்த்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கட்டை விரல் எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இருந்தது, கை அளந்தது. நானும் என் கையை நம்பினேன்.

அந்தப் பழைய கிளாஸ் ஒரு நாள் விரிசல் விட்டது. புதிதாக ஒன்று வந்து சேர்ந்தது. அதைப் பழைய கிளாஸ் இருந்த இடத்திலேயே வைத்தேன். வேறென்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த நாள் செங்கோடக் கவுண்டர் வந்தார். ஊருக்கு இரண்டு மைல் தள்ளித் தோட்டம். எழுபதைத் தொடும் ஆள். அந்த வயசிலும் கிணற்றில் அவர்தான் கவலை ஓட்டுவார். சின்னவர்களுக்குச் சொல்கிறேன், காளைகளை முன்னே ஓட்டினால் கிணற்றிலிருந்து தோல் சால் மேலே வந்து தண்ணீரைக் கொட்டும், அப்புறம் காளைகளைப் பின்னாலேயே நடத்திக் கிணற்று விளிம்பு வரை கொண்டுவர வேண்டும். ஒரு அடி தப்பினால் காளையும் ஆளும் கிணற்றுக்குள். புத்தி தெளிவாக இருக்கிறவன் மட்டும் செய்கிற வேலை அது. கவுண்டருக்கு வயிற்றைச் சுருட்டிப் பிடிக்கிற வலி. டாக்டர் பார்த்துவிட்டு மற்ற மருந்துகளோடு பெல்லடோனா கொஞ்சம் எழுதிக் கொடுத்தார். வயிற்றுப் பிடிப்புக்கு அருமையான மருந்து. அளவு தப்பினால் ஆளையே ஆட்டிவைக்கும்.

நான் சீட்டைக் கையை நீட்டிப் பிடித்துப் படித்தேன். அப்புறம் கிளாஸையும் ஜன்னல் பக்கமாய் நீட்டிப் பிடித்து ஊற்றினேன். கவுண்டர் ஜன்னலுக்கு வெளியே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சாமி, கோடு தெரியுதுங்களா?” என்றார்.

நன்றாகத் தெரிகிறது என்றேன்.

“இல்லீங்க, கை நீளம் பத்தாம நிக்கறீங்களேன்னு கேட்டேன். எனக்குங் கால்ல முள்ளெடுக்க இப்புடித்தான் ஆச்சு. காலைத் தூரமா நீட்ட முடியுதுங்களா, அதான் சம்சாரத்துக்கிட்ட நீட்டிப்போட்டேன்.”

தாழ்வாரத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எழுபது வயசுக்காரன் என்னைத் தன் வரிசையில் சேர்த்துப் பேசுகிறானே என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வேளைக்கு ஒரு அளவு, ஒரு வேளையும் விடக் கூடாது என்று அதட்டி, சீசாவைக் கொடுத்து அனுப்பினேன். அன்று மத்தியானமே டாக்டர் காவிரிக் கரைத் திருவிழாவுக்குக் காலரா ஊசி போடக் கிளம்பிவிட்டார். பத்து நாள் ஆஸ்பத்திரிக்கு நான்தான் ராஜா.

நாலாம் நாள் கவுண்டரின் மகன் முத்துசாமி வந்தான். நாற்பது வயசு, கெட்டிக்காரன், கொஞ்சம் அவசரக்காரன். அப்பனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றான். சம்பந்தமில்லாமல் பேசுகிறாராம், எழுந்தால் தள்ளாடுகிறாராம், வீட்டுப் பசுவைப் பார்த்து அடுத்த ஊர் மணியக்காரர் என்று கும்பிடு போட்டாராம். வயிற்று வலி மட்டும் போய்விட்டதாம். நான் ஒரு நிமிஷமும் யோசிக்கவில்லை. ரிஜிஸ்தரில் எழுதுகிற அதே குரலில் சொன்னேன், “வயசாச்சுங்க முத்துசாமி, அப்புடித்தான் இருக்கும்.” வலி போயிருப்பதால் மருந்தை நிறுத்த வேண்டாம் என்று இரண்டாவது சீசாவும் கலக்கிக் கொடுத்தேன்.

மறுநாள் கவுண்டரின் சம்சாரம் பாவாயி வந்தாள். இரண்டு மைல் வெயிலில் நடந்து வந்திருந்தாள். மருந்து குடித்தால் சற்று நேரத்தில் நாக்கு வறண்டு, முகம் சிவந்து, பேச்சு மாறிவிடுகிறது என்றாள். அதனால் அவளாகவே ஒரு வேளை கொடுத்து ஒரு வேளை கொட்டிவிட்டாளாம். கொட்டின வேளைக்கு அப்புறம் ஆள் பாதி தெளிகிறாராம். இதைவிடத் தெளிவாக எந்தப் பெரிய டாக்டரும் எனக்குச் சொல்லியிருக்க முடியாது. நான் என்ன செய்தேன் தெரியுமா? சர்க்கார் மருந்தைக் கொட்டினாயா என்று அத்தனை பேர் முன்னால் அவளைத் திட்டினேன். சரியாகக் கொடுக்காததால்தான் புத்தி நிலைக்கு வரவில்லை என்றேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போனாள். அந்த முதுகை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

ஆறாம் நாள் முத்துசாமி வண்டி அனுப்பினான். வருகிற திங்கட்கிழமை ஊர்ப் பெரியவர்களைத் தோட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தான். அப்பனுக்குச் சித்தம் சரியில்லை, இனிப் பண்ணையம் என் பொறுப்பு என்று ஒரு கடுதாசியில் அவர் கைநாட்டு வாங்கப் போகிறான். காளைகளை விற்றுவிட்டு ஆயில் எஞ்சின் வைக்க வேண்டும் என்பது அவனுக்கு ரொம்ப நாள் ஆசை. அப்பன் உடன்படவில்லை. இப்போது அப்பனுக்குப் புத்தியே இல்லை என்றால் யாருடைய சம்மதத்தைக் கேட்பது? கவுண்டரை ஊருக்குள் இருக்கும் பழைய வீட்டில் ஒரு அறையில் வைத்துப் பார்த்துக்கொள்வதாய் ஏற்பாடு. வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போட ஆசாரியைக்கூடச் சொல்லியாகிவிட்டது. எல்லாவற்றுக்கும் கம்பவுண்டர் சாட்சி வேண்டும். நான் மீசைக்கு மை வைத்துக்கொண்டு வண்டி ஏறினேன்.

கவுண்டர் கட்டிலில் உட்கார்ந்து கவலை ஓட்டிக்கொண்டிருந்தார். எதிரே சுவர்தான் இருந்தது. இரண்டு கையிலும் இல்லாத கயிற்றைப் பிடித்து, “ஏ, ஓ” என்று காளைகளை முன்னே அனுப்பினார். அப்புறம் உடம்பைப் பின்னால் சாய்த்து, மெதுவாக, ஒவ்வொரு அடியாய் அவற்றைக் கிணற்றுப் பக்கம் நடத்திக்கொண்டு வந்தார். அங்கே கிணறு எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. சரியான இடத்தில் நிறுத்தினார். பாவாயி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள்.

நான் சாட்சி சொல்லும் தோரணையில் அவர் முகத்தைத் திருப்பிக் கண்ணைப் பார்த்தேன். கண்ணில் பாவை அகன்று, கறுப்பைத் தவிர வேறெதுவும் இல்லை. உதடு வெடித்திருந்தது. உடம்பு அனல். தம்பிகளே, நாம் டாக்டர் இல்லை. ஆனால் கண்ணில் பெல்லடோனாச் சொட்டு விட்டால் பாவை எப்படி விரியும் என்று ஆயிரம் தடவை பார்த்தவர்கள். எழுந்துபோய் வாசற்படியில் உட்கார்ந்தேன். வெயில் என்று நினைத்து யாரோ மோர் கொடுத்தார்கள்.

அங்கேயே உண்மையைச் சொல்லியிருந்தால் இந்தக் கதை நன்றாக முடிந்திருக்கும். நான் சொல்லவில்லை. சீசாவை வாங்கி வாய்க்காலில் கவிழ்த்தேன். இந்த மருந்து வயசுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, வேறு கொடுக்கிறேன் என்று பெரிய மனிதன்போல் சொன்னேன். ஆஸ்பத்திரிக்குத் திரும்பியதும் டாக்டருடைய பூதக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு முற்றத்து வெயிலில் நின்று புதுக் கிளாஸைப் பார்த்தேன். பக்கம் மாறியிருந்தது. பழைய கிளாஸில் சின்னக் கணக்கு இருந்த இடத்தில் இதில் பெரிய கணக்கு. நான் கொடுத்தது நாலு மடங்கு. பாவாயி ஒரு வேளை விட்டு ஒரு வேளை கொட்டியிராவிட்டால் கவுண்டர் அந்த வாரமே போயிருப்பார்.

அப்புறம் என்ன அனுப்பினேன் என்று ஊகித்திருப்பீர்கள். ரோஸ் மருந்து. இரண்டே நாளில் கவுண்டர் தெளிந்து எழுந்து, பசியெடுக்கிறது என்று சோளக்களி கேட்டார். ஊரெல்லாம் பேச்சாகிவிட்டது. கம்பவுண்டர் வயசுக்கே மருந்து கண்டுபிடித்துவிட்டாராம். ராசிபுரம் பக்கத்திலிருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு கிழவர்களை ஏற்றி வந்தார்கள். ஒரு பெரியவர் சட்டையைக் கழற்றிவிட்டு, மறுபடி வாலிபம் எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கும் என்று கேட்டார். என் முப்பது வருஷ உத்தியோகத்தில் எனக்கு இவ்வளவு பெயர் கிடைத்தது அந்த நாலைந்து நாள்தான். சாயம் வேறு தீர்ந்துபோயிற்று.

முத்துசாமி மட்டும் அசையவில்லை. சனிக்கிழமை வந்து, திங்கட்கிழமைக் கூட்டம் கூட்டம்தான் என்றான். இன்றைக்குத் தெளிந்தார், நாளைக்குக் காளையைக் கிணற்றில் இறக்கினால் யார் பதில் சொல்வது? “நீங்கதானுங்க சொன்னீங்க, வயசுன்னு. வயசு திரும்பிப் போயிருமுங்களா?” அவன் கேட்டதில் தப்பே இல்லை. என் வார்த்தையை எனக்கே திருப்பிக் கொடுத்தான், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை டாக்டர் திரும்பினார். கால் கழுவிக்கூட முடிக்கவில்லை. கிளாஸை அவர் முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கிளாஸை வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

“வயசு ஒருத்தனுக்கு மூணு நாள்ல வராது ஐயா” என்றார். “வருஷக்கணக்கா வரும். மூணு நாள்ல புத்தி மாறித்துன்னா, நாம குடுத்தது என்னன்னு முதல்ல பாக்கணும். வயசான உடம்பு வேற தாங்காது. வாலிபனுக்கு வயித்தோட போறது இவாளுக்கு மூளைக்கு ஏறிடும்.”

அப்புறம், மேலதிகாரிக்கு எழுதாமல் இருக்க முடியாது, அது என் வேலை, நாளைக்கு அந்தக் கூட்டத்தில் பேசுவது உங்கள் வேலை என்றார். கண்டிக்கக்கூட இல்லை. கண்டித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். வேலை போய்விடும், ஊர் சிரிக்கும் என்பதெல்லாம் ஒரு பக்கம். எனக்கு மூப்பு வந்துவிட்டது என்று வாயால் சொல்ல வேண்டுமே, அதுதான் பெரிய பயமாக இருந்தது. மனுஷன் எதற்கெல்லாம் வெட்கப்படுகிறான் பாருங்கள்.

திங்கட்கிழமை தோட்டத்து வேப்பமரத்தடியில் ஏழெட்டுப் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கடுதாசியும் மைக்கூடும் தயார். கவுண்டர் ஒரு ஓரத்தில் குத்துக்காலிட்டு, எதிரில் நின்ற காளைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். தனக்கு என்ன ஆயிற்று என்று அவருக்கே தெரியவில்லை. அந்த ஆறு நாளில் பாதி அவருக்கு ஞாபகமில்லை. நமக்கு மெய்யாகவே புத்தி போய்விட்டதோ என்ற பயம் அவர் முகத்தில் தெரிந்தது. கைநாட்டுக்குக் கட்டை விரலைக்கூடத் துடைத்து வைத்திருந்தார். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு வாய் திறந்தது.

எனக்கு இரண்டு வருஷமாய்க் கிட்டத்தில் இருப்பது தெரியவில்லை என்றேன். கிளாஸில் கோடு தெரியாமல் நாலு மடங்கு மருந்து கொடுத்தேன், கவுண்டர் உளறியது அந்த மருந்தால், பாவாயி சொன்னது அத்தனையும் நிஜம், வயசு என்று நான் சொன்னது பொய் என்றேன். முத்துசாமி கடுதாசியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

கவுண்டர் எழுந்து வேட்டியைத் தட்டினார்.

“அப்ப வயசானது எனக்கில்லீங்க சாமி, உங்களுக்குங்க” என்றார்.

பெரியவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கவுண்டர் நேரே போய்க் காளைகளைப் பூட்டினார். கடுதாசியை முத்துசாமி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அவனுக்கும் ஒரு மாதிரி நிம்மதிதான் என்று நினைக்கிறேன். பாவாயி மட்டும் சிரிக்கவில்லை. என் கிட்டே வந்து நின்றாள்.

“ஆறு நாளு எங்கூட்டுக்காரரைப் பைத்தியம்னு ஊரே வந்து பாத்துட்டுப் போச்சுங்க. அதுக்கென்னங்க மருந்து வெச்சிருக்கறீங்க?”

சாகும் வரை அவள் என்னிடம் மருந்து வாங்கவில்லை. டாக்டரிடம் நேராகப் போவாள், சீசாவை அவரே நிரப்பித் தருவார். அது நியாயம் என்றுதான் எனக்குப் பட்டது.

என் உத்தியோகப் புத்தகத்தில் ஒரு பக்கம் கறுத்தது. வேலை போகவில்லை, டாக்டர் எப்படி எழுதினாரோ தெரியாது. சேலத்துக்குப் போய் மூக்குக் கண்ணாடி வாங்கினேன். மாட்டிக்கொண்டு முதலில் பார்த்தது கடைக்காரர் நீட்டிய முகம் பார்க்கும் கண்ணாடியை. மீசைக்கு நான் வைத்த மை பாதி கன்னத்தில் இருந்தது. இரண்டு வருஷமாய் அப்படியே ஊர்வலம் போயிருக்கிறேன், ஒருவர்கூடச் சொல்லவில்லை. அப்புறம் ஆஸ்பத்திரிக்கு வந்து மருந்து அலமாரியைப் பார்த்தேன். அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

ரோஸ் சாயம் மறுபடி வாங்கவில்லை. ‘வயசாச்சு’ என்று சொல்வதற்கு முன்னால் இன்னும் இரண்டு கேள்வி கேட்கக் கற்றுக்கொண்டேன். பத்து வருஷமாய்ச் செவிடு என்று மருமகளிடம் பேச்சு வாங்கிக்கொண்டிருந்த ஒரு அம்மாளுக்குக் காதில் அழுக்கு அடைத்திருந்தது. கழுவிவிட்டோம். மருமகள் பேசியதெல்லாம் இப்போது காதில் விழ ஆரம்பித்ததால் அந்த வீட்டில் சண்டை அதிகமாயிற்று, அது வேறு. எடப்பாடியிலிருந்து ஒரு நெசவுக்காரர் வந்தார், எந்நேரமும் அழுகை. தறியை மகன் எடுத்துக்கொண்டதிலிருந்து இவருக்குச் செய்ய ஒன்றுமில்லை. கண் போதாது, நூல் பழகிய கை மட்டும் அப்படியே இருந்தது. தறிக்கு வேண்டிய நூலைக் குழலில் சுற்றுகிற தார் வேலையை அவரிடம் கொடுங்கள் என்று டாக்டர் மகனுக்குச் சொன்னார். அழுகை நின்றதா என்று கேட்காதீர்கள், குறைந்தது. முழங்கால்கள் மட்டும் எதற்கும் மசியவில்லை. மெய்யாகவே வயசுதான் என்று சொல்ல வேண்டியதும் இருக்கத்தான் செய்கிறது. அதையும் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும், சீசாவை நிரப்பிக்கொண்டே சொல்லக் கூடாது.

கவுண்டர் அதற்கப்புறமும் ஆறேழு வருஷம் கவலை ஓட்டினார். ஆஸ்பத்திரிப் பக்கம் வந்தால் ஜன்னலில் நின்று, நான் கண்ணாடியை மாட்டிக் கிளாஸைத் தூக்கும் வரை காத்திருப்பார். “சாமி, கோடு தெரியுதுங்களா?” என்பார். தாழ்வாரமே சிரிக்கும். நானும் சிரிக்கப் பழகிக்கொண்டேன்.

யுத்த காலத்தில், நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருஷம் இருக்கும்போது, முத்துசாமி அவரை வண்டியில் கூட்டி வந்தான். பாவாயி அதற்கு முந்தின வருஷம் போய்விட்டாள். கவுண்டர் ஒரு வருஷமாய்க் கொஞ்சம் கொஞ்சமாக மறந்துகொண்டு வருகிறார் என்றான் முத்துசாமி. முதலில் சந்தை நாள் மறந்தது, அப்புறம் தோட்டத்துக்கு வழி, இப்போது மகனை, செத்துப்போன தன் தம்பி பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். பாவாயியை எங்கே காணோம் என்று தினம் தேடுகிறார். காளைகளை முத்துசாமி விற்கவில்லை. ஆயில் எஞ்சினும் வைக்கவில்லை. அவனுக்கும் காதோரம் நரைத்திருந்தது.

டாக்டர் பார்த்து, இது வயசுதான் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். முத்துசாமி என் ஜன்னலுக்கு வந்தான். கையில் மூன்று சீசா. கடைசியாக அப்பன் குடித்த மருந்துகளை எல்லாம் கொண்டு வந்திருந்தான்.

“எதுக்கும் பாருங்க சாமி. போன தடவை மாதிரி, உங்க கையில ஏதாச்சும் தப்பு நடந்திருக்குமுங்களா?”

நடந்திருக்க வேண்டும் என்று அவன் வேண்டிக்கொண்டு நின்றான். நானும் வேண்டிக்கொண்டேன். சீசாவை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பார்த்தேன், முகர்ந்தேன், ரிஜிஸ்தரைப் புரட்டினேன், கிளாஸை இரண்டு பக்கமும் மூன்று தடவை பார்த்தேன். கவுண்டருடைய கண்ணைப் பார்த்தேன். பாவை சின்னதாய், சாதாரணமாய் இருந்தது. என் உத்தியோகத்தில் என் கை தப்பு செய்திருக்கக் கூடாதா என்று நான் ஏங்கியது அந்த ஒரு தடவைதான்.

தப்பு ஒன்றுமில்லை என்றேன். முத்துசாமி சீசாக்களை மெதுவாகப் பைக்குள் போட்டான்.

கவுண்டர் இதையெல்லாம் கவனிக்கவில்லை. பக்கத்தில் நிற்பது யார் என்று அவருக்குத் தெரியவில்லை. என் மூக்குக் கண்ணாடியையும், கையில் இருந்த கிளாஸையும் பார்த்தார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, அக்கறையோடு கேட்டார்.

“சாமி, கோடு தெரியுதுங்களா?”

“தெரியுதுங்க கவுண்டரே” என்றேன்.